பழைய ஷ்வின் சைக்கிளா? வாங்கும் முன் குப்புறப் போட்டுப் பாருங்கள்

பழைய அமெரிக்கச் சைக்கிள் சேகரிக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதல் ஆறு மாதம் பாலிஷ் டப்பாவைத் தொடாதீர்கள், டார்ச் லைட் மட்டும் போதும். சைக்கிளின் வயது, பிறந்த ஊர், நடுவில் யார் கை வைத்தார்கள் என்பதெல்லாம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தபின் பணத்தை எடுக்கலாம்.

எல்லா பிராண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஷ்வின்னில் தொடங்குங்கள். 1895-இல் சிகாகோவில் இக்னாஸ் ஷ்வின்னும் அடால்ஃப் அர்னால்டும் தொடங்கிய கம்பெனி இது. வண்டிகளும் உதிரி பாகங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன, தகவலும் நிறைய இருக்கிறது.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஷ்வின் 1933-இல் 2.125 அங்குல அகலமான பலூன் டயரை அமெரிக்காவில் கொண்டுவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குச் சைக்கிள்கள் மோட்டார் பைக் போல வேஷம் போட்டன: பெட்ரோல் இல்லாத பெட்ரோல் டேங்க், முன்விளக்கு, ஹாரன். 1949-இல் வந்த பிளாக் ஃபேண்டம் அந்த வேஷத்தின் உச்சம். புதியவர்கள் அதன் பக்கம் போகாதீர்கள். விலை அதிகம், போதாக்குறைக்கு 1995-இல் கம்பெனியின் நூற்றாண்டுக்காக அதே உருவத்தில் நகல்களும் செய்தார்கள்.

1963-இல் வந்தது ஸ்டிங்-ரே. 20 அங்குலச் சக்கரம், வாழைப்பழ சீட், கையை உயர்த்திப் பிடிக்க வேண்டிய ஹேண்டில்பார். அதன் பகட்டான தம்பிதான் 1968 முதல் 1973 வரை வந்த கிரேட் வரிசை: ஆரஞ்சு கிரேட், ஆப்பிள் கிரேட், லெமன் பீலர் என்று பெயர்கள். (கிரேட் என்றால் பழம் அடுக்கும் பெட்டி; ஆனால் ஆங்கிலத்தில் தேடும்போது முதல் எழுத்தாக ‘சி’ அல்ல, ‘கே’ போடுங்கள்.) முன்சக்கரம் மட்டும் 16 அங்குலம், சீட்டுக்கு முன்னால் உள்ள குறுக்குக் குழாய் மீது கார் கியர் போல ஒரு தடி, முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். நேர்கோட்டில் சீறிப் பாயும் ‘டிராக் ரேஸ்’ பந்தயக் கார்களைப் பார்த்து ஏங்கிய பையன்களுக்காகச் செய்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே, கேட்பாரற்று நிற்பவை 50, 60-களின் நடுத்தர அகல டயர் வண்டிகள்: டைஃபூன், அமெரிக்கன், கார்வெட், ஜாகுவார். கடைசி இரண்டும் காரின் பெயரைக் கடன் வாங்கியவை. என் சிபாரிசு இந்தக் கூட்டம்தான். என் முதல் வண்டியும் ஒரு பச்சை டைஃபூன். ஒரு வீட்டு கராஜ் விற்பனையில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது.

படி 2: சீரியல் எண்ணைத் தேடுங்கள்

பெடல் கட்டை சுழலும் குழலின் அடிப்பக்கத்தில் எண் இருந்தால் பெரும்பாலும் 1952-க்கு முந்தைய வண்டி. அதன்பின் 1970 வரை, பின்சக்கர அச்சு உட்காரும் இடப்பக்கத் தகட்டில் அடித்தார்கள். 1970-க்குப் பிறகு ஹேண்டில்பார் நுழையும் முன்குழாய்க்கு மாறியது. எண் இருக்கும் இடத்தில் பல அடுக்கு கிரீஸ் இறுகிப் போயிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் அழுத்தி வைத்துத் துடையுங்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்துகள் நிழலோடு எழுந்து வரும்.

1965 முதல் வந்தவற்றை வாசிப்பது சுலபம். முதல் எழுத்து மாதம், இரண்டாம் எழுத்து வருடம். மாதத்தில் ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, சி மார்ச். வருடத்தில் ஏ என்றால் 1965, பி 1966, சி 1967, டி 1968. என் டைஃபூனில் ‘சி டி’ என்று ஆரம்பித்தது. அதாவது மார்ச் 1968.

அதற்கு முந்தைய எண்களைத் தேதிவாரிப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். 1948-க்கு முந்தைய பதிவேடுகள் ஒரு தீ விபத்தில் அழிந்துவிட்டதால் அவற்றுக்குப் பட்டியலே கிடையாது. ‘1939 என்று சீரியல் எண்ணே சொல்கிறது’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால், தலையாட்டிவிட்டு வேறு சாட்சி தேடுங்கள்.

இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். எண் சொல்வது அதைத் தகட்டில் அடித்த தேதியை; வண்டி பூட்டிய நாளை அல்ல. நவம்பரில் எண் அடித்த ஃபிரேம் அடுத்த வருட மாடலாக வெளியே போயிருக்கலாம். அப்புறம், எண்ணுக்கு மாடல் தெரியாது. சாதாரண ஸ்டிங்-ரேவும் ஆரஞ்சு கிரேட்டும் ஒரே வரிசை எண்களில்தான் பிறந்தன.

படி 3: பாகங்களையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள்

ஏமாற்று நடப்பது இங்கேதான். சாதாரண ஸ்டிங்-ரேவில் புதிதாகச் செய்த நகல் ஸ்பிரிங் ஃபோர்க், சீட், ஆரஞ்சு பெயின்ட் எல்லாம் போட்டால் ‘அசல் கிரேட்’ ரெடி. சீரியல் 1966 என்று காட்டினால் பேச்சே வேண்டாம், கிரேட் அப்போது பிறக்கவே இல்லை. எண் பொருந்தினால் அடுத்து சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பாருங்கள். ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப்பின் உடம்பில் செய்த வருடமும் மாதமும் அச்சடித்திருக்கும். பெடலைத் தாங்கும் கிராங்கிலும் பெரும்பாலும் ஒரு வருட முத்திரை இருக்கும். போல்ட் தலைகளில் ‘ஏ எஸ்’ என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா? அது அர்னால்ட், ஷ்வின் கம்பெனியின் முத்திரை. ஃபிரேமின் மாதத்துக்குச் சில மாதம் முன்னதாக ஹப் இருந்தால் கணக்கு சரி. மூன்று வருடம் பிந்தி இருந்தால் யாரோ சக்கரம் மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் விலையில் தெரிய வேண்டும்.

முன்குழாயில் உள்ள பித்தளை வில்லையை மட்டும் நம்பாதீர்கள். ஷ்வின் வேறு கடைகளின் பெயர் வில்லையோடும் வண்டி செய்து கொடுத்தது. எல்ஜின் என்பது சியர்ஸ் கடை தன் சைக்கிளுக்கு வைத்த பெயர், ஹாதார்ன் மான்ட்கமரி வார்டு கடை வைத்த பெயர். இரண்டும் சைக்கிள் தொழிற்சாலைகளே அல்ல.

படி 4: டயர் வாங்கும் முன் கணக்கு வாத்தியாரை மறந்துவிடுங்கள்

1 3/4-உம் 1.75-உம் ஒன்று என்றுதான் பள்ளியில் படித்தோம். ஷ்வின் உலகத்தில் அது வேறு, இது வேறு. டைஃபூன் போன்றவற்றில் எஸ்-7 என்ற ரிம் இருக்கும். அதற்கு 26 x 1 3/4 டயர் வேண்டும், உள்விட்டம் 571 மி.மீ. கடையில் தொங்கும் 26 x 1.75 டயரின் உள்விட்டம் 559 மி.மீ. பன்னிரண்டு மி.மீ. வித்தியாசம். இது தெரியாமல், ‘இரண்டும் ஒன்றுதான் சார்’ என்ற ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டு டயர் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டயர் மாட்டப் போய் மூன்று ஸ்பூனை வளைத்தேன். கட்டைவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம். ரிம்மின் ஓரத்தில் ‘எஸ்-7’ என்று அடித்தே இருந்தது, துருவுக்கு அடியில்.

படி 5: துருவை எடுங்கள், பெயின்ட்டை விடுங்கள்

சொறி பிடித்தாலும் தொழிற்சாலைப் பெயின்ட்டுக்குத்தான் மதிப்பு. மறுபடி அடித்தால் போனது போனதுதான். குரோம் பூசிய பாகங்களுக்கு முதலில் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதிக்கு ஆக்ஸாலிக் அமிலம். இங்கே அமெரிக்காவில் ஹார்டுவேர் கடையில் மரம் வெளுக்கும் தூளாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு காலன் தண்ணீருக்கு மூன்று, நான்கு மேசைக்கரண்டி. பாகங்களை ஒரு இரவு ஊறவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். இது விஷம்: கையுறை, கண்ணாடி கட்டாயம், குழந்தைகளும் நாயும் கிட்டே வரக்கூடாது. அலுமினியம், துத்தநாகம் பூசிய பாகங்களை இதில் போடாதீர்கள்.

கழற்றும்போது இடது பெடலில் மட்டும் மரை தலைகீழ், வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். எவ்வளவு பேர் அதை எதிர்ப்பக்கம் முறுக்கி மரையைத் தின்றிருக்கிறார்கள் என்று பழைய கிராங்குகளைப் பார்த்தாலே தெரியும்.

படி 6: காகிதம் சேருங்கள்

அந்தந்த வருட ஷ்வின் கேட்டலாக் ஒன்று கையில் இருந்தால் பாதி வாக்குவாதம் தீரும். எந்த மாடல் எந்த நிறத்தில் வந்தது என்று அதில் படத்தோடு இருக்கும். சைக்கிளை விடக் காகிதம் மலிவு, இடமும் அடைக்காது. விளம்பரப் பக்கம், வில்லை, கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்தி. ஓஹையோவின் நியூ பிரெமன் ஊரில் உள்ள அமெரிக்கச் சைக்கிள் அருங்காட்சியகத்தில் அசல் வண்டிகளை நேரில் பார்த்துவிட்டு வந்தால் கண் பழகிவிடும்.

பிறகு காருக்குத் தாவ ஆசை வந்தால் அங்கேயும் இதே பாடம்தான். 1965 ஃபோர்டு மஸ்டாங் என்றால் எண் 5-இல் தொடங்கும். அடுத்த எழுத்து எஃப் என்றால் டியர்பார்ன் ஆலை, ஆர் என்றால் சான் ஹோசே. அதற்குப் பின் வரும் 07 கூரை வண்டி, 08 திறந்த வண்டி, 09 ஃபாஸ்ட்பேக், அதாவது கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் வண்டி. பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபர் மாதம் கூடும் பழைய கார்ச் சந்தைக்கு நல்ல செருப்போடு போங்கள்.

என் டைஃபூனின் பின் மட்கார்டில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு தகரம் ஒட்டியிருந்தது. அழுக்கைத் துடைத்ததும் ஒரு ஊரின் பெயர், ‘சைக்கிள் உரிமம்’, 1970, ஒரு நான்கிலக்க எண். அன்று பல அமெரிக்க ஊர்களில் சைக்கிளுக்கும் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஊர் நூலகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், பழைய உரிமப் பதிவேடு எங்காவது அலமாரியில் மிஞ்சியிருக்கிறதா என்று.