சுவரில் துளை போடும்போது இரும்பு தட்டினால்

போன வாரம் தச்சநல்லூரில் ஒரு வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போயிருந்தேன். அந்த வீட்டுத் தம்பி புதுசாக டிரில்லிங் மெஷின் வாங்கி, அடுப்படியில் அலமாரிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று சத்தம் மாறிக் கீச்சென்று கத்தியது. "கம்பி தட்டுது அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் அமுக்குனா போயிரும்" என்றான். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். பல வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னதும் அதே வார்த்தைதான்.

இரும்பு என்றாலே கம்பி என்று நினைப்பது

பாளையங்கோட்டையில் அக்கா வீடு. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைச் சிங்குக்கு மேலே மாட்ட வேண்டும். 8 மி.மீ. பிட் பூச்சைத் தாண்டி, செங்கலில் ஒரு அங்குலம் போனதும் நின்றுவிட்டது. கான்கிரீட் கம்பிதான் என்று முடிவுகட்டி, மெஷினை ஹேமர் முறையில் (இடித்துக்கொண்டே துளைப்பது) வைத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் கொடுத்து அமுக்கினேன். அது பழைய ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தண்ணீர்க் குழாய். உள்ளே துருவேறி மெலிந்திருந்தது. பொத்துக்கொண்டு தண்ணீர் நேராக டிரில்லிங் மெஷின் மேலே பாய்ந்தது. கையில் 230 வோல்ட் ஓடும் மெஷின், காலடியில் தண்ணீர். அத்தான் மொட்டை மாடிக்கு ஓடினார். பல வருஷமாகத் திருப்பாத கேட் வால்வு அசையவில்லை. டேங்க் முழுவதும் அடுப்படி வழியாகத்தான் வடிந்தது. அப்புறம் டைல்ஸை உடைத்து, இரண்டடி சுவரைப் பிளந்து, பிளம்பர், கொத்தனார் என்று மூன்று நாள் வேலை. அக்கா, "போட்டும்லே, கை கால் நல்லாருக்குல்லா" என்றாள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஏனென்றால் சுவர் முன்கூட்டியே சொல்லியிருந்தது. தரையில் விழுந்த தூள் செக்கச் சிவப்பு. செங்கல் சுவருக்குள் கான்கிரீட் கம்பிக்கு என்ன வேலை? கம்பி இருப்பது பில்லரிலும், ஜன்னல், கதவுக்கு மேலே ஓடும் கான்கிரீட் லிண்டலிலும், பீமிலும். அங்கே தூள் சாம்பல் நிறத்தில் வரும். சிவப்புத் தூளுக்குப் பிறகு இரும்பு தட்டினால் பைப்பாகவோ, வயர் போகும் இரும்புக் குழாயாகவோ, சுவிட்ச் பெட்டியாகவோ, கதவுநிலையைப் பிடித்திருக்கும் கிளாம்பாகவோ இருக்கும். சிமெண்டுக் கல் வைத்துக் கட்டிய வீட்டில் எல்லாத் தூளும் சாம்பல்தான், இந்தக் கணக்கு உதவாது. அங்கே குழாய், சுவிட்ச் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஆகவே சத்தம் மாறிய நொடியில் கையை எடுங்கள். பிட்டை வெளியே இழுத்து, டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்து, மாடியில் வால்வை மூடிய பிறகே மேற்கொண்டு எதையும் தொடவேண்டும். அந்த வால்வு திரும்புகிறதா என்று துளை போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கம்பியைத் துளைத்தே தீருவது

ஜன்னல் திரைக்கு மாட்டும்போது இது அடிக்கடி நடக்கும், மேலே லிண்டல் ஓடுவதால். சுவருக்கான பிட்டின் நுனியில் உள்ள கார்பைடு, கல்லை நொறுக்கத்தான் ஆகும், இரும்பை அறுக்காது. நுனி பழுத்துக் கருகிப்போகும். கம்பி வெட்டுப்பட்டால் லிண்டலுக்கும் நல்லதில்லை. லிண்டலின் முக்கியக் கம்பிகள் அடிப்பக்கம் இருக்கும். இரண்டு அங்குலம் மேலே தள்ளிப் போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பழைய துளையைச் சிமெண்டால் அடைத்துவிடுங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே

வேண்டாம்.

காந்தத்தை மட்டும் நம்புவது

பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிச் சுவரில் ஓட்டிப் பார்ப்பார்கள். பூச்சுக்கு அடியிலேயே இரும்பு இருந்தால் இழுக்கும், ஆழத்தில் இருந்தால் இழுக்காது. பிளாஸ்டிக் குழாய்க்குள் போகும் செம்பு வயரை எந்தக் காந்தமும் காட்டாது.

தச்சநல்லூர்த் தம்பியின் துளைக்கு அடியிலும் சிவப்புத் தூள்தான் கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். ஜி.ஐ. பைப்பின் மேல் ஒரு கீறல், அவ்வளவுதான். அலமாரியை அடுத்த சுவருக்கு மாற்றிவிட்டோம்.