வேலைத் திட்டத்துக்கு லோகோ வரைகிறீர்களா? சிமென்ட்டில் தொடங்குங்கள்

பொதுப்பணி வேலைத் திட்டத்துக்கு அடையாளம் வரையச் சொன்னால், பலரும் திரையில் வண்ணம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது எதன்மேலெல்லாம் ஏறப்போகிறது? மண்வெட்டிக் காம்பு, சட்டை முதுகு, தகரப் பலகை, ஈர சிமென்ட். இதில் எது படுமோசமோ அதற்கு வரையுங்கள். லெட்டர்ஹெட் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் வேலையில்லாதவர்களுக்குப் பொதுப்பணிகளில் வேலை கொடுக்க 1935இல் தொடங்கி 1943வரை நடந்த டபிள்யூ.பி.ஏ. (WPA) திட்டத்தில், புதிதாகப் போட்ட நடைபாதைகளில் திட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சிமென்ட் காய்வதற்குள் பதித்தார்கள். அவற்றில் பல இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. வெறும் எழுத்து, வெறும் எண். ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் கிரேடியன்ட் அதில் எங்கே போய்ப் பதிவது?

அடுத்தது ஸ்டென்சில், அதாவது எழுத்து வெட்டிய தகட்டை வைத்துப் பெயின்ட் அடிப்பது. இங்கேதான் தமிழ் எழுத்து படுத்தி எடுக்கும். 'வ'வின் சுழியைத் தகட்டில் முழுதாக வெட்டினால், உள்ளே இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். பெயின்ட் அடித்தால் சுழி இருந்த இடத்தில் ஒரு பொட்டுதான் மிஞ்சும். எனவே ஒவ்வொரு சுழியிலும் உள்துண்டைப் பிடித்துக்கொள்ள, வெட்டாமல் மெல்லிய பாலம் விடுங்கள். எல்லாப் பாலமும் ஒரே அகலம், ஒரே சாய்வு. அப்படிச் செய்தால் அந்த வெட்டுகளே எழுத்தின் முகமாகிவிடும். தனியாகச் சின்னம் ஒன்று தேவையா என்பதே சந்தேகம். கைகோத்த கைகள், பற்சக்கரம், உதயசூரியன் எல்லாம் பார்த்துச் சலித்தவை. சூரியனில் கட்சி வாடை வேறு.

சுருக்கப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.வையே 'வீ போக் அலாங்' என்று விரித்து, ஆமைவேகக்காரர்கள் என்று கிண்டலடித்தார்கள். கிண்டலை ஒழிக்க முடியாது, ஆனால் எளிதாக்கிக் கொடுக்க வேண்டாம்.

சட்டை ஆரஞ்சு என்றால் எழுத்து கறுப்பு, ஒளிரும் பட்டையின்மேல் எதுவும் வரக்கூடாது. போட்டுக்கொள்பவருக்குக் கைதி உடை மாதிரி தோன்றினால் மாற்றுங்கள், அவரிடமே கேளுங்கள்.

தகவல் பலகையில் என்ன வேலை, எவ்வளவு தொகை, கூலி எவ்வளவு, புகாருக்கு யாரைக் கூப்பிடுவது, இவ்வளவும் பெரிதாக. தலைவர் படத்துக்கு இடமே ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால் அது வளரும்.

அப்புறம், ஒப்படைக்கும்போது தடித்த விதிப்புத்தகம் வேண்டாம். ஒரே நிறக் கோப்பு ஒன்று, வெட்டிய தகடுகள் மூன்று அளவில். மேஸ்திரி கையில் தகடு இருந்தால் போதும்.