மூச்சிலிருந்தே குறிப்பலை: தன்னாற்றல் உணரிப் பட்டை செய்யும் முறை

தன்னாற்றல் உணரி என்ற பெயர் இன்று இரண்டு வேறு பொருள்களில் வழங்குகிறது. மின்கலத்தின் துணையின்றித் தானே மின் குறிப்பலையை (சிக்னல்) உண்டாக்கும் உணரி (சென்சார்) ஒன்று. குறிப்பலையைப் படிக்கும் சுற்றையும் கம்பியில்லாத் தொடர்பையும்கூட உடலசைவின் ஆற்றலாலேயே நடத்திக்கொள்ளும் முழுக் கருவி மற்றொன்று. முதலாவதை ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். இரண்டாவது தேர்ந்த ஆய்வகங்களையும் இன்றுவரை திணறடிக்கிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு தொடங்கும் மாணவர் திட்டங்கள் பாதியில் நின்றுபோவதைப் பலமுறை பார்த்திருப்பதால், முதலாவதை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டு, அளந்த எண்களை வைத்துக்கொண்டு இரண்டாவதைப் பற்றி யோசிக்கும்படி வலியுறுத்திச் சொல்கிறேன்.

இங்கே செய்யப்போவது மூச்சை அளக்கும் இடுப்புப் பட்டை. இரு வேறு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றில் நேர் மின்னூட்டமும் மற்றதில் எதிர் மின்னூட்டமும் தங்குகின்றன. அவற்றின் பின்னால் மின்வாய்களை வைத்துக் கம்பியால் இணைத்தால், ஒவ்வொரு தொடுகையிலும் பிரிவிலும் மின்னோட்டம் முன்னும் பின்னும் பாய்கிறது. அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா டெக்கில் சோங் லின் வாங் குழுவினர் 2012இல் இந்த அமைப்பை உராய்வு மின்னாக்கியாக முன்வைத்தார்கள். எலெக்ட்ரானை எளிதில் விடும் அலுமினியமும் இறுகப் பற்றிக்கொள்ளும் டெஃப்லானும் இதற்கு நல்ல இணை.

அலுமினியத்துக்குச் சமையலறைத் தாளே போதும். டெஃப்லானுக்குக் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை நாடா வேண்டாம். அதில் பசை இல்லை, இழுத்தால் நெகிழ்ந்து சுருங்கும். பாலித்தீன் பைகளை ஒட்டும் சீலிங் இயந்திரத்தில் சூட்டுக் கம்பியின் மேல் ஒட்டியிருக்குமே, அந்தப் பழுப்பு நிற டெஃப்லான் நாடாவைப் பசையுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஓஎச்பி தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) 4 சென்டிமீட்டர் பக்கமுள்ள இரண்டு சதுரங்களை வெட்டி, இரண்டிலும் அலுமினியத் தாளைச் சுருக்கமின்றி ஒட்டி, ஒன்றின் மேல் மட்டும் டெஃப்லான் நாடாவை விளிம்புவரை மூடுங்கள். பிறகு இரு முகங்களும் எதிரெதிரே பார்க்கும்படி வைத்து, நான்கு மூலைகளிலும் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மென்மையான ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் கொடுத்து இணையுங்கள். விரலால் அழுத்தினால் முகங்கள் தொட வேண்டும், விட்டவுடன் பிரிய வேண்டும்.

கம்பி இணைக்கும் இடத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். அலுமினியத்தில் சாதாரண ஈயப் பற்று (சால்டர்) ஒட்டாது. உருண்டு கீழே விழும். என் முதல் முயற்சியில் அதை ஒட்டவைக்கப் பார்த்துத் தாளையே பொசுக்கினேன். ஒட்டும்போதே தாளில் ஒரு வாலை நீட்டி விட்டு, பல இழைக் கம்பியின் முனையை விசிறிபோல் விரித்து அதற்குள் மடித்து, மேலே நாடா ஒட்டி இறுக்குவதே நம்பகமான வழி.

ஈரப்பதம் இந்த உணரியின் முதல் எதிரி. வியர்வை பட்டால் மேற்பரப்பு மின்னூட்டம் கசிந்துவிடும். ஆகவே முழு அமைப்பையும் ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் ஜிப் உறையில் இட்டுக் காற்றை ஓரளவு வெளியேற்றி மூடுங்கள். நீளாத பருத்தி நாடாவில் ஒரு சாண் அளவுக்கு எலாஸ்டிக் சேர்த்துத் தைத்து, உணரி விலா எலும்புக்குச் சற்றுக் கீழே பட்டைக்கும் உடலுக்கும் இடையே அமரும்படி கட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது பட்டை இறுகி முகங்களை அழுத்தும்.

சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் உள்மின்தடை வழக்கமாக 10 மெகாஓம். சில நூறு பிக்கோஃபாரட் மின்தேக்குதிறனே உள்ள உணரியின் மின்னூட்டம் அதன் வழியே சில மில்லிநொடிகளில் வடிந்துவிடும். இதற்குத் தேவை மின்னூட்டத்தை அளக்கத்தக்க மின்னழுத்தமாக மாற்றித் தரும் மின்னூட்டப் பெருக்கி. டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) ஒன்றின் எதிர் (−) உள்ளீட்டுடன் டெஃப்லான் பக்க மின்வாயையும், 9 வோல்ட் மின்கலத்தை இரு 100 கிலோஓம் தடைகளால் பிரித்த நடுப்புள்ளியுடன் நேர் (+) உள்ளீட்டையும் மற்ற மின்வாயையும் இணையுங்கள். பின்னூட்டத்தில், அதாவது வெளியீட்டுக்கும் எதிர் உள்ளீட்டுக்கும் இடையே, 100 நானோஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கியையும், பத்து 10 மெகாஓம் தடைகளைத் தொடராகக் கோத்த 100 மெகாஓமையும் இணையாக வையுங்கள். இதன் கால மாறிலி (மின்னூட்டம் வடிய எடுக்கும் நேரத்தின் அளவு) 10 நொடி என்பதால் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை வரும் சாதாரண மூச்சு தடையின்றிப் பதிவாகும். 50 நானோகூலோம் மின்னூட்டம் அரை வோல்ட்டாக வெளிவரும். இரண்டு 10 கிலோஓம் தடைகளால் அதைப் பாதியாக்கி, மடிக்கணினியுடன் இணைத்த ஆர்டுயினோ என்ற சிறு கணிப்பலகைக்குக் கொடுக்கலாம். பட்டை உடலில் இருக்கும் நேரம் முழுவதும் மடிக்கணினி அதன் மின்கலத்திலேயே ஓட வேண்டும். சார்ஜர் செருகியிருக்கக் கூடாது. இந்த விதிக்கு விலக்கே இல்லை. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தெரிந்தால் உறையிட்ட ஆடியோ கம்பிக்கு மாறுங்கள், நடுப்புள்ளி மின்வாயை உடல் பக்கம் திருப்புங்கள்.

அமர்ந்த நிலையில் ஒரு நிமிடம் பதிவு செய்யும்போது, அருகிலிருப்பவர் வயிற்றின் ஏற்ற இறக்கத்தைத் தனியே எண்ணட்டும். இரு எண்ணிக்கைகளும் ஒத்துவரும்வரை பட்டையின் இறுக்கத்தை மாற்றிப் பாருங்கள். நடந்தால் நடையின் அலை மூச்சின் அலையை விழுங்கிவிடும் என்பதால், மருத்துவ முடிவு எதற்கும் இந்தப் பட்டையை நம்பக் கூடாது.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது வகைக்கான ஆற்றல் கணக்குக்கு வரலாம். 50 நானோகூலோம் 2 நொடியில் பாய்ந்தால் சராசரி மின்னோட்டம் 25 நானோஆம்பியர். இப்படிச் சிறுகச் சிறுக வரும் ஆற்றலைத் திரட்டுவதற்கென்றே வந்த எல்டிசி3588 சில்லு, சுமை எதுவும் இல்லாதபோதே 950 நானோஆம்பியர் இழுக்கும். மூச்சு தருவதைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு! கம்பியில்லாமல் செய்தி அனுப்ப வேண்டுமானால், பரப்பைப் பெருக்குவதா, பல அடுக்குகளாக அடுக்குவதா, அல்லது உடல் எடை முழுவதும் இறங்கும் செருப்பின் அடிப்பகுதிக்கு உணரியை மாற்றுவதா என்று இங்கே முடிவெடுக்க வேண்டும். செருப்பே சரியான இடம் என்பது என் கருத்து.

உடலுக்குள் பொருத்தும் கருவிகளில் கணக்கு இன்னும் இறுக்கமானது. 2019இல் சீன ஆய்வாளர்கள் பன்றியின் இதயத் துடிப்பிலிருந்தே ஒரு துடிப்புக்கு 0.495 மைக்ரோஜூல் திரட்டி இதயமுடுக்கியை இயக்கிக் காட்டினார்கள்; இதயத்தைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச அளவு 0.377 மைக்ரோஜூல். அந்தச் சிறு இடைவெளியை நீர் கசியாத உறைதான் காப்பாற்ற வேண்டும். பொருத்தும் வேலை மருத்துவமனைக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் உரியது என்றாலும், உறையைச் சோதிப்பதை மாணவர்களும் செய்யலாம். சிலிகோனில் முழுவதும் பொதிந்த ஓர் உணரியை 0.9 சதவீத உப்புக் கரைசலில் 37 டிகிரி செல்சியஸில் மூழ்கவைத்து, நாள்தோறும் அதே நேரத்தில் வெளியே எடுத்துத் துடைத்து, அதே எடையால் அழுத்தி, வரும் மின்னூட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு இறங்கத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் கம்பி வெளியேறும் துளை.