கிரகணம் காட்டும் மரச்சட்டம்: ஒரு பந்து, ஒரு பாசிமணி, நிஜச் சூரியன்

புத்தகப் படங்களில் பூமியும் நிலவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தாளுக்குள் அடங்க வேண்டுமே என்று அப்படி வரைகிறார்கள். அந்தப் படத்தை நம்பினால் அமாவாசைதோறும் சூரிய கிரகணமும் பௌர்ணமிதோறும் சந்திர கிரகணமும் வந்தாக வேண்டும். வருவதில்லை. பருமனையும் தூரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரியும்.

டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டம் 4 செ.மீ. அதையே பூமியாக வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் விட்டம் 12,742 கி.மீ. என்பதால் நம் 1 செ.மீ. ஏறக்குறைய 3,185 கி.மீ.க்குச் சமம். 3,474 கி.மீ. விட்டமுள்ள நிலவு 11 மி.மீ. பாசிமணியாகிவிடும். சராசரி தூரமான 3,84,400 கி.மீ. 120.7 செ.மீ. ஆகும். சூரியனுக்கு 4.4 மீட்டர் உருண்டை ஒன்றை 470 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டியிருக்கும், அது வேண்டாம். வானில் இருக்கும் சூரியன் நமக்கு அரை பாகை (டிகிரி) அகலமாகத் தெரிகிறது. அந்தப் பெரிய உருண்டையும் 470 மீட்டரில் அதே அரை பாகைதான். ஆகவே நிஜ வெயிலே போதும். டார்ச்சும் எல்.இ.டி. பல்பும் இந்த வேலைக்கு உதவாது. புள்ளி போன்ற ஒளியில் நிழல் கூர்மையாகவும் பெரிதாகவும் விழுந்து கணக்கையே கெடுத்துவிடும்.

130 செ.மீ. நீளத்தில், வளையாத மரச்சட்டம் ஒன்று எடுங்கள். ஒரு முனையருகே மெல்லிய ஆணி அடித்து, பந்தில் சிறு துளையிட்டுப் பசையோடு செருகுங்கள். பந்தின் மையம் சட்டத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அந்த மையத்திலிருந்து அளந்து 114, 120.7, 127 செ.மீ.களில் மூன்று துளைகள் போடுங்கள். நிலவு நெருங்கி வரும் தூரம், சராசரி, விலகிப் போகும் தூரம் என்று இவற்றைக் கொள்ளலாம். மணியை 2 மி.மீ. கம்பியில் செருகி, அதுவும் 5 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி துளையில் நடுங்கள். மணி கிடைக்காவிட்டால் களிமண்ணை உருட்டிக் காயவிடலாம், ஆனால் 11 மி.மீ. என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெயிலில் ஒரு உருண்டையின் கருநிழல், அதாவது சூரியன் முழுதாக மறையும் நிழல் பகுதி, அதன் விட்டத்தைப் போல 107 மடங்கு தூரம் நீண்டு கூம்பாக முடிகிறது. 11 மி.மீ. மணிக்கு அது 118 செ.மீ.; பந்தின் பரப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். 10 மி.மீ. மணி என்றால் 107 செ.மீ.யிலேயே முடிந்துபோகும், முழு கிரகணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு மில்லிமீட்டர் செய்கிற வேலை அது.

காலையிலோ பிற்பகலிலோ, சூரியன் ஓரளவு சாய்ந்திருக்கும்போது வெளியே வாருங்கள். நண்பகலில் சட்டத்தைச் செங்குத்தாகப் பிடிக்க நேரும், கை நடுங்கும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, சட்டத்தைத் தோளில் சாய்த்து, மணி பின்னாலும் பந்து முன்னாலும் இருக்கும்படி பிடியுங்கள். சட்டத்தின் வழியே குறிபார்க்காதீர்கள். கண் நேராகச் சூரியனில் போய் நிற்கும். தரையில் விழும் சட்டத்தின் நிழலைப் பாருங்கள். அது குறுகக் குறுகச் சட்டம் சூரியனை நோக்கித் திரும்புகிறது என்று பொருள். பந்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளை யாராவது பிடித்தால், பந்தின் நிழலுக்கு அருகே மணியின் மங்கலான நிழலும் தெரியும். மெல்ல நகர்த்தி அதைப் பந்தின்மேல் ஏற்றுங்கள். சூரிய கிரகணம்.

நிழல் மங்கலாக இருக்கிறதே, எங்கோ பிசகிவிட்டது என்று பலர் இங்கே கைவிடுகிறார்கள். பிசகு ஒன்றுமில்லை. 22 மி.மீ. அகலத்துக்குப் பரவியிருக்கும் அந்தச் சாம்பல் வட்டம்தான் புறநிழல். பகுதி கிரகணம் தெரியும் இடம். நடுவில் கருமை கூடிய இடமான கருநிழல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நிஜத்தில் முழு கிரகணப் பாதையின் அகலம் வழக்கமாக 270 கி.மீ.க்குள் அடங்குகிறது. மணி 114இல் இருந்தால் கூம்பின் நுனி பந்தைத் தொடும், 127இல் இருந்தால் தொடாது: முதலாவது முழு கிரகணம், மற்றது சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணம். இன்னொன்றையும் கவனியுங்கள். மணியைத் தாங்கும் கம்பியின் நிழல் பந்தின்மேல் ஏறக்குறையக் காணாமல் போயிருக்கும். 2 மி.மீ. கம்பியின் கருநிழல் 21 செ.மீ. தாண்டாது. தலைக்கு மேல் 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் விண்வெளி நிலையம் தரையில் கருநிழல் வீழ்த்தாததும் இதனால்தான்.

இப்போது சட்டத்தைத் திருப்பி, பந்து சூரியன் பக்கமும் மணி முன்னாலும் வரும்படி பிடியுங்கள். மணி இருக்கும் இடத்தில் பந்தின் கருநிழல் 2.9 செ.மீ. அகலம் இருக்கும், மணியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். முழு சந்திர கிரகணம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்கூட நீடிக்க முடிவதும், ஓரிடத்தில் முழு சூரிய கிரகணம் ஏழரை நிமிடத்தைத் தாண்டாததும் இந்த இரண்டு நிழல்களின் அளவு வேறுபாட்டால்தான். நிலவின் செம்மை மட்டும் இதில் வராது. பந்துக்குக் காற்றுமண்டலம் இல்லையே.

மாதந்தோறும் ஏன் இல்லை என்பதற்கு மணியின் கம்பியை 10.8 செ.மீ. உயர்த்துங்கள். நிலவின் பாதை பூமியின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதால் அது மேலும் கீழும் அவ்வளவு தூரம் போய்வரும். சட்டத்தைச் சூரியனை நோக்கிப் பிடித்தால் நிழல் பந்துக்கு வெகு மேலே கடந்துபோகும். கிரகணம் கொஞ்சமாவது பட வேண்டுமென்றால் மணி நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சந்திர கிரகணத்தில் கருநிழல் பட 2 செ.மீ.க்குள். இரு பாதைகளும் வெட்டும் இடங்களையே ராகு, கேது என்கிறோம். 173 நாளுக்கு ஒருமுறை சூரியன் அவற்றில் ஒன்றை நெருங்கும்போது மட்டும் அமாவாசையும் பௌர்ணமியும் இந்த வரம்புக்குள் வருகின்றன. அந்தப் பருவம் ஒரு மாதத்தைவிடச் சற்று நீண்டது. ஆகவே உள்ளே ஒரு அமாவாசையாவது விழுந்தே தீரும், ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு சூரிய கிரகணம் உறுதி.

பிறைகளுக்குச் சட்டம் தேவையில்லை. பிறை என்பது பூமியின் நிழல் என்ற எண்ணம் இருந்தால், பகலில் நிலவு தெரியும் நாளில் வெள்ளைப் பந்து ஒன்றை வெயிலில் நிலவை நோக்கி நீட்டுங்கள். பந்திலும் அதே பிறை இருக்கும். வளர்பிறையில் ஏழெட்டாம் நாள் பிற்பகலும் தேய்பிறையில் அதே கட்டத்தில் காலையும் வசதி.

சிறு வான்பொருள்களையும் இதே அளவில் வைக்கலாம், கண்ணுக்குத்தான் அகப்படாது. சிறுகோள் பட்டையின் மிகப் பெரிய பொருளான சீரிஸ் 3 மி.மீ. மணி, சூரியனிலிருந்து 1.3 கி.மீ. தள்ளி வைக்க வேண்டும். ஹாலி வால்நட்சத்திரத்தின் கரு அதன் நீண்ட பக்கத்தில் 15 கி.மீ., இங்கே 0.05 மி.மீ. தூசி. ஆனால் 1 கோடி கி.மீ. வால் ஒன்று நம் அளவில் 31 மீட்டர்! வால் போகும் திசைக்குப் பின்னால் இழுபடுவதாக வரையாதீர்கள், அது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். வால்நட்சத்திரங்கள் உதிர்க்கும் தூசிதான் பல எரிகற்களாகிறது. ஆகஸ்டில் வரும் பெர்சீட் எரிகற்கள் ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம் விட்டுச்சென்றவை. அவை எரிவது தரைக்கு மேலே 100 கி.மீ. வாக்கில், பந்திலிருந்து வெறும் 0.3 மி.மீ.

சட்டத்தில் பந்தின் மையத்திலிருந்து 13.2 செ.மீ.யில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். பூமியில் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் தெரியும் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுற்றும் தூரம் அது. 11.9 செ.மீ.யில் இன்னொரு கோடு போட்டுப் பக்கத்தில் 2029 ஏப்ரல் 13 என்று எழுதுங்கள். முந்நூறு மீட்டருக்கு மேல் அகலமான அபோஃபிஸ் சிறுகோள் அன்று அந்தத் தூரத்தில், பூமியில் மோதாமல் கடந்துபோகும்.