நகரத்தில் நடத்தும் பாடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்கள் தம் சொந்தக் காலில் நிற்கப் பழக வேண்டும் என்பதற்காகவே கொழும்பின் தெருக்களிலும் சந்தைகளிலும் அருங்காட்சியகங்களிலும் பாடம் நடத்தத் திட்டமிடுகிறோம். ஆனால், முதல் தவறு பாடசாலை வாசலிலேயே நேர்ந்துவிடுகிறது: வாடகைக்கு அமர்த்திய பஸ். வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டையில் இறங்கும் பிள்ளைக்கு இடையில் எதையும் தானாகத் தீர்மானிக்க வாய்ப்பில்லை. அதே பிள்ளை தானே வரிசையில் நின்று ரயில் பயணச்சீட்டு வாங்கி, எந்த மேடை என்று விசாரித்து, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என நிலையங்களைக் கவனித்துக்கொண்டு போய்ச் சேருமானால், பாதிப் பாடம் வழியிலேயே முடிந்துவிடும்.

இதற்காக, முதல் நாளே பிள்ளைகளைத் தனியே அனுப்பிவிடுவதும் பெரும் தவறுதான். முதலில் ஆசிரியருடன் சேர்ந்து போக வேண்டும். அடுத்த முறை ஆசிரியர் அதே பெட்டியில் இருந்தும் வாய் திறவாமல் வர வேண்டும். அதன் பிறகே அவர் கோட்டை நிலையத்தின் முன்னுள்ள ஒல்கொட் சிலையடியில் காத்திருக்கலாம். ஆசிரியரின் தொலைபேசி எண்ணும், பொலிஸுக்கான 119, அம்புலன்ஸுக்கான 1990 ஆகிய எண்களும் ஒரு தாளில் எழுதப்பட்டு ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருப்பது அவசியம். பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதைத் தணிப்பவை இத்தகைய ஏற்பாடுகளே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்பு எடுப்பது பிள்ளையின் கவனத்தைத்தான் குலைக்கும்.

சிங்களம் சரளமாகப் பேசும் ஒரு மாணவனையே எல்லாருக்காகவும் பேச விடுவது பலர் கவனிக்காத தவறு. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பின் மொத்த விலையைக் கேட்டறிந்து, வெள்ளவத்தையில் அதன் சில்லறை விலையுடன் ஒப்பிடும் பணியைக் கொடுத்தால், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு கடையிலாவது வாய் திறந்து கேட்க வேண்டும். மூட்டை தூக்குவோருக்கு வழிவிட்டு, வியாபாரி ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, திக்கித் திக்கியேனும் கேட்டு விடை பெறும் பிள்ளைக்குக் கிடைக்கும் துணிவை எந்தப் பயிற்சிப் புத்தகமும் தராது. ஞாயிற்றுக்கிழமையிலும் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும் அங்கே பல கடைகள் பூட்டியிருக்கும் என்பதைக்கூட மாணவர்களே விசாரித்தறியட்டும்.

அருங்காட்சியகத்தில் நடக்கும் தவறு வேறு வகையானது. 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்று, விவரப் பலகைகளைப் பார்த்தெழுதித் திரும்பும் வகுப்புகள் ஏராளம். அங்குள்ள காலி மும்மொழிக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் இருக்கின்றன. தமிழ்ப் பகுதி எது என்று கண்டுபிடிக்கச் சொல்லி, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே நாட்டச் செய்த கல்லில் தமிழ் ஏன் இடம்பெற்றது என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் விலகி நிற்க வேண்டும். விடை வரத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைப் பொறுக்க முடியாமல் தாமே சொல்லிவிடும் ஆசிரியர்கள்தான் அதிகம்.

திரும்பி வந்ததும் "பிடித்திருந்ததா?" என்று மட்டும் கேட்டு முடித்துவிடக் கூடாது. எங்கே வழி தடுமாறியது, யாரிடம் கேட்டீர்கள், கையில் கொடுத்த பணத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று கேளுங்கள். அடுத்த பயணத்தின் நேர அட்டவணையையும் செலவுக் கணக்கையும் அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.