‘கான் கன்ட்ரி’ பாட்டைக் கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கப் பாடகர் ஆலன் ஜாக்சன் 1994-ல் பாடிய ‘கான் கன்ட்ரி’யை (‘கன்ட்ரிக்கு மாறியாச்சு’) முதல் தடவை கேட்டபோது, அமெரிக்கத் தெற்கின் கிராமத்து இசையான கன்ட்ரிக்குப் போட்ட ஜே கோஷம் என்றுதான் நானும் நினைத்தேன். கோரஸ் அப்படி. ‘அந்த பூட்ஸைப் பாருங்க, உலகமே கன்ட்ரிக்கு மாறிடுச்சு’ என்று குஷியாகப் போகும். அதை மட்டும் கேட்டுவிட்டு அர்த்தம் சொல்வதுதான் பெரிய தவறு, நக்கல் முழுக்க சரணங்களில் இருக்கிறது.

லாஸ் வேகஸில் பத்து வருஷமாகப் பாடி, கண்ணாடியில் வயசு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் ரெக்கார்டுகள் சக்கைப்போடு போடுவதைப் படித்துவிட்டு ‘நானும் சாதாரணப் பொண்ணுதான், லாங் ஐலண்டில் வளர்ந்தவ’ என்கிறாள். லாங் ஐலண்ட் இருப்பது நியூயார்க்கை ஒட்டி, கன்ட்ரி இசை பிறந்த தெற்குப் பக்கத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இது தெரியாவிட்டால் ஜோக்கே போச்சு. மூன்றாவது சரணத்தில் வருபவர் லாஸ் ஏஞ்சலஸில் வேலை பார்க்கும், முறையாக இசை படித்த ஆசாமி. கட்ட வேண்டிய பில் மலைபோலக் கிடக்கிறது, ஆனால் கன்ட்ரிக்குத் தாவ மனைவியிடம் சொல்லும் காரணம் வேறு: புகைமூட்டம், குற்றங்கள், பிள்ளைகளை வளர்க்கிற ஊரா இது!

ஜாக்சனே எழுதிய பாட்டு என்று நினைப்பதும் சகஜம். எழுதியவர் பாப் மெக்டில். 1991-ல் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் ஆல்பம் வெளியான வேகத்தில், எல்லா வகை இசைக்கும் பொதுவான பில்போர்ட் பத்திரிகையின் ஆல்பம் பட்டியலிலேயே முதலிடத்தில் போய் உட்கார்ந்தது, எந்த கன்ட்ரி ஆல்பத்துக்கும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. காசு எந்தப் பக்கம் பாய்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோன காலம் அது.

அப்புறம், வெளியாள் உள்ளே வந்தாலே தப்பு என்று இந்தப் பாட்டு சொல்வதாக எடுத்துக்கொள்வது. அந்தக் கோபம் ஜாக்சன் 2000-ல் இன்னொரு கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டோடு சேர்ந்து பாடிய வேறொரு பாட்டில் உண்டு, அதுகூட நாஷ்வில்காரர்கள்மீதே திரும்பும் கோபம். இங்கே கிண்டலெல்லாம் கன்ட்ரிக்குத் தாவுகிறவர்கள் சொல்லும் சாக்கைத்தான். கன்ட்ரிக்கு வெளியாளான ரே சார்லஸ் 1962-லேயே ஒரு கன்ட்ரி ஆல்பம் போட்டார், பூட்ஸ் மாட்டி கிராமத்தான் வேஷம் கட்டாமல், தன் குரலிலேயே.

இரண்டாவது சரணத்தில் வரும் ஃபோக் (நாட்டுப்புறப் பாணி) பாடகரை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். நியூயார்க்கின் வில்லேஜ் பகுதியில் உட்கார்ந்து பணக்காரர்களைத் திட்டிப் பாட்டெழுதுகிறவர், பணத்தில் நம்பிக்கை இல்லையாம், ஆனால் நாஷ்வில் போனால் செமத்தியாகச் சம்பாதிக்கலாமாம், கேட்டால் அந்த கன்ட்ரி பாட்டெல்லாம் ஃபோக் ஜாம்பவான் பாப் டிலன் மாதிரிதானே இருக்கிறது என்கிறார். சிரித்துவிட்டுத் தாண்டிவிடாதீர்கள், அதில் ஒரு பாதி நியாயம். டிலனே நாஷ்வில்லுக்குப் போய், கன்ட்ரி நட்சத்திரம் ஜானி கேஷோடு ஒரு பாட்டும் பாடி, ஊர் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டது 1969-ல். நம்ம ஆள் 25 வருஷம் லேட், அவ்வளவுதான்.