நாயைக் காரில் கட்ட கழுத்துப்பட்டை போதாது

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் காரில் போகிறவர்கள் பலரும் நாயைப் பின்சீட்டில் அவிழ்த்தே விட்டுவிடுகிறார்கள். தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்துதானே போகிறோம் என்ற நினைப்பு. அந்த நெரிசலில்தான் முன்னால் போகும் ஆட்டோ சட்டென்று நிற்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், கட்டாத நாய் அதே வேகத்தில் முன்னால் பறக்கும். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. 20 கிலோ நாய் என்றால், முன்சீட்டில் இருப்பவர் பாடும் திண்டாட்டம்தான்.

கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி சீட்டோடு கட்டுவதும் தப்பு. பிரேக் போட்டால் மொத்த இழுப்பும் மூச்சுக்குழாயில் விழும். வேண்டியது நெஞ்சைச் சுற்றும் அகலமான ஹார்னஸ். வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் நாய் பின்வாங்கி உருவிக்கொள்ளும். முன்னங்கால் இடுக்கில் உரசினால் தோல் புண்ணாகும். நடக்கக் கூட்டிப்போகும் மெல்லிய ஹார்னஸின் பிளாஸ்டிக் பூட்டு மோதலைத் தாங்காது. காருக்கென்றே விற்பதை, உலோகக் கொக்கி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஹார்னஸின் முதுகு வளையத்திலிருந்து சீட் பெல்ட் பூட்டுக்கு ஒரு குட்டை வார் போகும். அதன் நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நாய் உட்காரவும் படுக்கவும் முடிய வேண்டும், சீட்டைவிட்டு இறங்க முடியக்கூடாது. வண்டி நிற்கும்போதே முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டுப் பாருங்கள். இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் மூக்கு வந்துவிட்டால் இன்னும் குறைக்க வேண்டும். பூட்டின் சிவப்புப் பொத்தானை நாய் மிதித்தால் கழன்றுவிடும் என்பதால் வழியில் இறங்கும்போதெல்லாம் ஒரு கண் வையுங்கள். முன்சீட் வேண்டவே வேண்டாம், ஏர்பேக் விரிந்தால் அதுவே அடிக்கும்.

கண்ணாடிப் பொத்தானை லாக் செய்துவிடுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றில் தலையை வெளியே நீட்டவிட்டால் மண் கண்ணில் விழும்.

குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைக்கு ஏறும் வளைவுகளில் குட்டிகள் வாந்தி எடுக்கும். அடிக்கடி கொட்டாவி, உதட்டை நக்குவது, எச்சில் வடிவது முன்னறிகுறி. கிளம்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நம் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், மருந்து கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டும்.

கன்னியாகுமரியில் வெயிலில் காரை நிறுத்தி "அஞ்சு நிமிஷம்" என்று போவதுதான் உயிரை எடுப்பது. வெளியே 30 டிகிரி என்றால் உள்ளே பத்து நிமிடத்தில் 40-ஐ நெருங்கிவிடும். கண்ணாடியை ஓரமாகத் திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்கள் சீக்கிரம் விழும். நாக்கு கடுஞ்சிவப்பாகி, எச்சில் கொழகொழத்து, நடை தள்ளாடினால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஏசிக் காற்றில் வைத்தபடி மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத்துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும்.

இறங்கும்போது முதலில் நடைக்கயிற்றை மாட்டி கையில் சுற்றிக்கொண்டு, பிறகு பெல்ட் கொக்கியைக் கழற்றி, இடப்பக்கக் கதவைத் திறவுங்கள்.